விரல்கள் நடந்த வழி – 7: ரெதூட்டன் மண்டபத்து முத்தம்

எஸ்டர்ஹாஸி பிரபுக்களின் ஆட்டுப் பண்ணைக் கணக்கைப் பார்த்துவந்த ஆடம் லிஸ்ட், மகன் ஃபிரான்ஸின் விரல்களை நம்பிக் குடும்பத்தோடு வியன்னாவுக்கு வந்து சேர்ந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். 1820 நவம்பர் 26 அன்று பிரெஸ்பர்க்கில் பையனின் வாசிப்பைக் கேட்ட ஹங்கேரியப் பிரபுக்கள், ஆறு ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 600 கில்டர் தருவதாக வாக்குக் கொடுத்தார்கள். வியன்னாவில் கார்ல் செர்னி காசு வாங்காமல் பியானோ சொல்லிக்கொடுத்தார். முதியவர் சாலியேரி இசையமைப்பின் இலக்கணத்தைக் கற்பித்தார். 1822 டிசம்பர் 1 அன்று அந்நகரில் பையனின் முதல் பொதுக் கச்சேரி நடந்தது. ஹும்மெலின் ஏ மைனர் கான்செர்ட்டோவை வாசித்து முடித்தவன், பீத்தோவனின் ஏழாவது சிம்பொனியிலிருந்து மெதுநடைப் பகுதியையும் ரோசினியின் ‘செல்மிரா’ ஓபராவிலிருந்து ஒரு பாட்டையும் ஒன்றோடொன்று பின்னி, அங்கேயே கற்பனை செய்து வாசித்தான். லைப்ஸிக் இசைப் பத்திரிகைக்கு வியன்னாவிலிருந்து எழுதியவர், நம் நடுவே ஒரு தெய்வம் இருக்கிறது என்கிற அளவுக்குப் போய்விட்டார்.

அடுத்த பெரிய கச்சேரி 1823 ஏப்ரல் 13, ஞாயிற்றுக்கிழமை நண்பகல். இடம், ஹாப்ஸ்பர்க் அரண்மனையைச் சேர்ந்த சிறிய ரெதூட்டன் மண்டபம்.

பின்னாளில் லிஸ்ட் ஆயிரக்கணக்கில் கச்சேரி செய்தார். அவற்றில் இந்த ஒரு நண்பகலைப் போல வாதத்துக்கு உள்ளானது வேறில்லை.

* * *

கதை இப்படிப் போகிறது. பதினோரு வயதுப் பையன் மேடையில் வாசிக்கிறான். கூட்டத்தில் பீத்தோவன் உட்கார்ந்திருக்கிறார். காது முற்றிலும் கேட்காதவர், மனிதர் முகம் பார்க்கப் பிடிக்காதவர், குழந்தை மேதைகள் என்றாலே எரிந்து விழுபவர். வாசிப்பு முடிந்ததும் அவர் எழுந்து மேடையேறுகிறார். பையனைத் தூக்கி அணைத்து நெற்றியில் முத்தமிடுகிறார். மண்டபம் அதிர்கிறது.

1880-ல் லிஸ்டின் வாழ்க்கை வரலாற்றின் முதல் பாகத்தை வெளியிட்ட லீனா ராமான் இந்தக் காட்சியை மேடையில்தான் வைத்தார். அவர் தன்னிச்சையாக எழுதியவர் அல்லர். லிஸ்டிடம் கேள்விகளை எழுதிக் கொடுத்துப் பதில் வாங்கி எழுதியவர். அதற்கும் முன்பு, 1873-ல், லிஸ்டின் ஐம்பதாண்டுக் கலை வாழ்வைப் புடாபெஸ்ட் கொண்டாடியபோது வெளியான கல்லச்சுப் படம் ஒன்றிலும் இதே காட்சிதான்: பியானோ, மேடை, குனிந்து அணைக்கும் பீத்தோவன். புத்தகமும் படமும் சேர்ந்தபின் ஒரு கதைக்கு வேறென்ன வேண்டும்? அதன்பின் வந்த பியானோ கலைஞர்களின் வரலாறுகள் பலவற்றில் இந்த முத்தம் ஒரு பரம்பரைப் பட்டயம் போல இடம்பிடித்தது.

இந்த அத்தியாயத்தில் நான் நிறுவ முயல்வது இதுதான்: அந்த முத்தம் ரெதூட்டன் மண்டபத்தில் நிகழவில்லை. பீத்தோவன் அன்று அங்கே வரவே இல்லை. ஆனால் முழுக் கதையையும் கட்டுக்கதை என்று ஒதுக்குவோரோடும் எனக்கு உடன்பாடில்லை. கச்சேரி வரலாறு எழுதுகிறவருக்கு மூன்று வகைச் சான்றுகள் கிடைக்கின்றன. கச்சேரிக்கு முன் அச்சான விளம்பரம், கச்சேரி முடிந்த கையோடு வந்த விமர்சனம், பல ஆண்டு கழித்துச் சொல்லப்பட்ட நினைவு. மூன்றுக்கும் ஒரே எடை போட்டால்தான் குழப்பம். விளம்பரம் என்ன நடக்கப் போகிறது என்பதைச் சொல்கிறதே தவிர, என்ன நடந்தது என்பதற்குச் சாட்சி ஆகாது. விமர்சனத்தில் எழுதியவரின் சாய்வு இருக்கும், ஆனாலும் அது அன்றைய கண். நினைவுக்கோ, இடையில் ஓடிய ஆண்டுகள் அத்தனையும் கலந்த நிறம். ஏப்ரல் 13 பற்றிய மேடைக் கதை முழுவதும் மூன்றாவது வகையைச் சேர்ந்தது.

* * *

முதலில் அந்த நாளுக்கு மிக அருகில் இருக்கும் தாள்களைப் பார்ப்போம்.

1818 முதல் பீத்தோவனோடு பேச வருகிறவர்கள் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. பென்சிலால் கிறுக்கிய கேள்விகள், வீட்டு வேலைக்காரியின் சம்பளம், சந்தையில் மீன் விலை, ஊர் வம்பு எல்லாம் அந்த நோட்டுகளில் கிடக்கின்றன. 1823 ஏப்ரல் நோட்டில் லிஸ்டின் பெயரும் வருகிறது. எழுதியவர் அன்டன் ஷிண்ட்லர். சம்பளம் வாங்காத செயலாளராக அப்போது அந்த வீட்டில் புழங்கிக்கொண்டிருந்தவர். சின்னப் பையன் லிஸ்ட் தன் கச்சேரியில் கற்பனை செய்து வாசிக்க ஒரு மெட்டு வேண்டுமென்று பணிவோடு கேட்பதாக ஒரு குறிப்பு. கச்சேரிக்கு நீங்கள் நேரில் வந்தால் பையனுக்கு ஊக்கமாக இருக்கும், வருவதாக வாக்குக் கொடுங்கள் என்று வற்புறுத்துவதாக இன்னொன்று. அண்மையில் பையனை அவ்வளவு கனிவாக வரவேற்கவில்லையே, அதற்கு இதுவே ஈடாகட்டும் என்ற தொனியும் அதில் இருக்கிறது.

மேடைக் கதையை நம்புவோர் இந்த வரிகளைத்தான் முதலில் எடுத்து நீட்டுகிறார்கள். அழைத்திருக்கிறார்கள், ஆகவே போயிருக்கிறார் என்பது அவர்கள் கணக்கு. இதில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. முதலாவது, அந்த நோட்டுகளின் இயல்பிலேயே இருப்பது. எழுதிக் காட்டியது விருந்தினர்தான். பீத்தோவன் பெரும்பாலும் வாயால்தான் பதில் சொன்னார். அடுத்த அறையில் யாரோ தொலைபேசியில் பேசும்போது ஒரு பக்கப் பேச்சு மட்டும் நம் காதில் விழுமே, அதுபோலத்தான் நோட்டைப் படிப்பது. ‘வாக்குக் கொடுங்கள்’ என்ற வேண்டுகோள் தாளில் நிற்கிறது. ‘வருகிறேன்’ என்றாரா, ‘போய் வேலையைப் பார்’ என்றாரா? அந்தப் பதில் 1823-லேயே காற்றோடு போய்விட்டது. வேண்டுகோளை வருகையாகப் படிப்பது, திருமணப் பத்திரிகை கிடைத்த எல்லாரும் பந்தியில் உட்கார்ந்தார்கள் என்று எழுதுவதற்குச் சமம்.

இரண்டாவது ஓட்டை இதைவிடப் பெரிது. பீத்தோவன் 1827 மார்ச் 26 அன்று இறந்தபின் நோட்டுகள் ஷிண்ட்லர் கையில் இருந்தன. 1840-களில்தான் பெர்லின் அரச நூலகத்துக்கு அவை போயின. 1970-களில் அவற்றை வரி வரியாகப் பதிப்பித்துக்கொண்டிருந்த பெர்லின் அறிஞர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். ஷிண்ட்லரின் குறிப்புகளில் பல, பக்கங்களில் காலியாக விடப்பட்டிருந்த இடங்களில் செருகப்பட்டிருந்தன. முன்னும் பின்னும் ஓடும் பேச்சோடு ஒட்டவில்லை. பீத்தோவன் உயிரோடு இல்லாத காலத்தில், அவரோடு தான் எவ்வளவு நெருக்கம் என்று காட்ட அந்த மனிதர் தானே எழுதிச் சேர்த்தவை அவை. 1977-ல் இது வெளியே வந்தபோது பீத்தோவன் ஆய்வே ஒருமுறை ஆட்டம் கண்டது. இவ்வாறு சேர்க்கப்பட்டவை நூற்றுக்கும் மேல். அதனால் ஷிண்ட்லர் எழுதியதெல்லாம் பொய் என்று ஆகிவிடாது. 1823-ல் அவர் உண்மையிலேயே அந்த வீட்டில் இருந்தார், உண்மையான குறிப்புகளும் ஏராளம். ஆனால் அவர் கையெழுத்தை மட்டும் ஆதாரமாக வைத்து ஒரு நிகழ்ச்சியை நிறுத்த இனி யாராலும் முடியாது. அதிலும், பிற்காலத்தில் ஐரோப்பா முழுவதும் புகழ்பெற்ற லிஸ்டைப் பற்றிய குறிப்பு என்றால், அதைச் சேர்த்து எழுதும் ஆசை யாருக்கு வராது?

ஆனால் அதே நோட்டில், ஷிண்ட்லரின் குறிப்புகளுக்கு அப்பால், மரியாதை தளும்பும் வேறொரு குறிப்பும் இருக்கிறது. தங்களை அறிமுகம் செய்துகொள்ள நெடுநாளாக விரும்பினேன், 13-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை கச்சேரி செய்கிறேன், தாங்கள் எழுந்தருள வேண்டும் என்பது அதன் சாரம். அப்பா சொல்லிக்கொடுத்த வாசகம் என்பது படித்த உடனே தெரியும். மேடைக்கு இது எதையும் நிரூபிக்கவில்லை. ஆனால் பையன் பீத்தோவனின் எதிரில் ஒருமுறையாவது போய் நின்றிருக்கிறான் என்பதற்கு இதைவிட நெருக்கமான தடயம் நமக்கு இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

* * *

இப்போது மண்டபத்துக்குள் போவோம். ஹும்மெலின் பி மைனர் கான்செர்ட்டோ, மோஷெலஸின் மாறுபாடுகள், கடைசியில் கற்பனை வாசிப்பு. லைப்ஸிக் பத்திரிகையின் நிருபர் இந்த முறையும் எழுதினார். முதலிரண்டையும் மெச்சினார். கற்பனை வாசிப்பில் குறை கண்டார்: கொடுக்கப்பட்ட மெட்டு நீளமான ரோண்டோ வகையைச் சேர்ந்தது, அதைப் பையன் முறையாக வளர்த்தெடுக்கவில்லை, மனம் போன போக்கில் அலைந்தான் என்று எழுதினார். ஒரு மெட்டின் நீளத்தைக்கூட விடாமல் குறித்த கண் இது. அந்தக் கண்ணுக்குப் பீத்தோவன் தெரியவில்லை. அவர் மேடையேறியது தெரியவில்லை. ஊரே பார்க்க நடந்ததாகச் சொல்லப்படும் அணைப்பு தெரியவில்லை.

இங்கேதான் வலுவான மறுப்பு ஒன்று எழும். பத்திரிகையில் வரவில்லை என்றால் நடக்கவில்லை என்றாகிவிடுமா? மௌனம் சாட்சியாகுமா? நியாயமான கேள்வி. ஒவ்வொரு மௌனத்துக்கும் ஒரே மதிப்பு இல்லை என்பதுதான் என் பதில். பேசியே தீர வேண்டிய இடத்தில் இருக்கும் மௌனத்துக்கு எடை கூடும். 1823-ல் பீத்தோவனின் நிலையை நினைத்துப் பாருங்கள். ‘மிஸ்ஸா சொலெம்னிஸ்’ முடிந்து, அதன் பிரதியை ஆர்ச்டியூக் ருடால்ஃபிடம் மார்ச் 19 அன்று கொடுத்தாயிற்று. 50 டக்கட் விலையில் அதன் கைப்படி வேண்டுமா என்று ஐரோப்பிய அரசவைகளுக்கெல்லாம் கடிதம் போய்க்கொண்டிருந்தது. ஒன்பதாவது சிம்பொனி வளர்ந்துகொண்டிருந்தது. வியன்னாவில் எல்லாரும் அறிந்த பெயர், அரிதாகவே காணக் கிடைக்கும் முகம். அடுத்த ஆண்டு, 1824 மே 7 அன்று, ஒன்பதாவது சிம்பொனியின் முதல் அரங்கேற்றத்தில் அவர் கைத்தட்டல் கேட்காமல் திரும்பி நின்றதையும், பாடகி கரோலின் உங்கர் அவரைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிவிட்டதையும் அங்கிருந்தவர்கள் ஆயுள் முழுக்கச் சொன்னார்கள். இத்தனைக்கும் அது ஒரு பெண் ஒரு கலைஞரின் சட்டைக் கையைத் தொட்டுத் திருப்பிய சிறு செயல். அப்படிப்பட்டவர் ஒரு பையனின் கச்சேரிக்கு வந்து, மேடையேறி, அவனை முத்தமிட்டு இறங்கியிருந்தால் அதை யாரும் அந்த வாரம் எழுதவில்லை, அந்த மாதம் எழுதவில்லை என்பதை எப்படி நம்புவது?

பத்திரிகைக்காரரை விடுவோம். பையனின் அப்பாவைப் பார்ப்போம். ஆடம் லிஸ்ட் மகனின் புகழைக் காசாக்கத் தெரிந்தவர். இதைக் குறையாகச் சொல்லவில்லை, அன்றைக்கு அந்தக் குடும்பத்தின் அடுப்பு எரிந்ததே அதனால்தான். வியன்னாக் கச்சேரிக்குப் பதினெட்டாம் நாள், மே 1 அன்று, பெஸ்ட் நகரில் அடுத்த கச்சேரி. அதற்கு ஆடம் அச்சிட்ட அறிவிப்பு ஹங்கேரியப் பிரபுக்களை நோக்கிப் பேசுகிறது: நான் ஹங்கேரியன், பிரான்ஸுக்கும் இங்கிலாந்துக்கும் புறப்படுமுன் என் கல்வியின் முதல் கனிகளைத் தாய்நாட்டின் காலடியில் வைக்கிறேன் என்று பையனின் குரலில் உருகுகிறது. தாய்நாட்டுப் பற்று இருக்கிறது, பணிவு இருக்கிறது, பயணத் திட்டம்கூட இருக்கிறது. பதினெட்டு நாளுக்கு முன் பீத்தோவன் எல்லார் முன்னிலையிலும் வைத்த முத்தம் மட்டும் இல்லை. இதைவிட நல்ல விளம்பரம் அந்தக் கண்டத்தில் கிடைத்திருக்காது. தெரிந்தும் விட்டுவைக்கும் தந்தையா ஆடம்?

இன்னும் ஒரு படி போகலாம். அதே ஆண்டு டிசம்பரில் குடும்பம் பாரிஸுக்குப் போகிறது. அங்கே இசைக் கல்லூரியின் தலைவர் கெருபினி. உயிரோடிருக்கும் இசையமைப்பாளர்களில் பீத்தோவன் தலைவணங்கிய ஒருவர். அவர் வாசலில் ஆடம் நின்றபோது கையில் இருந்தது அமைச்சர் மெட்டர்னிக்கின் சிபாரிசுக் கடிதம். வெளிநாட்டவருக்கு இடமில்லை என்று கெருபினி கதவைச் சாத்தினார். அந்தக் கதவைத் தட்டப் பீத்தோவன் எழுதிய ஒரு வரி இருந்திருந்தால் அதை ஆடம் பெட்டியில் பூட்டி வைத்திருப்பாரா? இது நேரடிச் சான்று அல்ல, ஊகம்தான். ஆனாலும் மேலே சொன்ன இரண்டு மௌனங்களோடு சேரும்போது இதற்கும் ஒரு கனம் வருகிறது.

* * *

மேடை இடிந்தது. முத்தமும் அதோடு இடிந்ததா?

1875-ல் இல்கா ஹொரோவிட்ஸ்-பர்னாய் என்ற பெண்மணிக்கு லிஸ்ட் இந்தக் கதையைச் சொன்னார். அவர் அதை 1898-ல் ஒரு ஜெர்மன் இதழில் வெளியிட்டார். அதற்குள் லிஸ்ட் இறந்து பன்னிரண்டு ஆண்டாகிவிட்டது. இந்த வடிவத்தில் மேடையே கிடையாது. செர்னி பலமுறை கெஞ்சி, பீத்தோவன் சலித்துப்போய் ஒருவழியாகச் சம்மதித்து, காலை பத்து மணிக்கு இருவரும் அவர் வீட்டுக்குப் போகிறார்கள். சன்னலோரம் நீண்ட, குறுகிய மேசை. பீத்தோவன் வேலையாக இருக்கிறார். செர்னியிடம் இரண்டு வார்த்தை. பிறகு பேச்சில்லை. பையன் முதலில் ரீஸின் சிறு துண்டு ஒன்றை வாசிக்கிறான். பாக் எழுதிய ஃபியூக் ஏதாவது வருமா என்கிறார். சி மைனர் ஃபியூக்கை வாசிக்கிறான். அதையே வேறு சுருதியில் உடனே வாசிக்க முடியுமா என்கிறார். வாசிக்கிறான். கடைசியில் பீத்தோவனின் சி மேஜர் கான்செர்ட்டோவின் முதல் பகுதி. அப்போதுதான் முத்தமும் ஆசியும்.

இந்த வடிவத்தையும் ஒரே போடாகத் தள்ளிவிடுவோர் உண்டு. அவர்கள் காட்டும் பிழை உண்மையான பிழை. அந்த வீட்டின் பெயர் கதையில் ஷ்வார்ட்ஸ்ஷ்பானியர் மாளிகை என்று வருகிறது. பீத்தோவன் அங்கே குடிபோனது 1825 அக்டோபரில். அப்போது லிஸ்ட் பாரிஸ்வாசியாகி ஏறக்குறைய இரண்டு ஆண்டு. 1823 ஏப்ரலில் பீத்தோவன் இருந்தது வேறு தெருவில், வேறு வீட்டில். ஆக, இல்லாத வீட்டில் நடந்த சந்திப்பு. எனவே பொய் என்கிறார்கள்.

இந்த முடிவு அவசரப்பட்டது என்று நினைக்கிறேன். ஷ்வார்ட்ஸ்ஷ்பானியர் மாளிகை பீத்தோவன் உயிர்விட்ட இடம். பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் ‘பீத்தோவன் வீடு’ என்றால் பலர் மனத்தில் எழுந்தது அதுதான். அரை நூற்றாண்டு கழித்து நினைவுகூர்பவரோ, அதற்கும் இருபத்து மூன்று ஆண்டு கழித்து அதை அச்சேற்றியவரோ, பெயர் தெரிந்த வீட்டைக் கதைக்குள் கொண்டுவந்து வைப்பது எளிது. முகவரி நினைவில் எளிதில் புரளும். பிறர் புகுத்த வாய்ப்புக் குறைந்த விவரங்கள்தான் ஆய்வாளருக்கு உதவும். ரீஸின் துண்டு அப்படிப்பட்டது. பாட்டி கதை கட்ட நினைப்பவர் பையனை முதலிலேயே பீத்தோவனை வாசிக்கச் செய்திருப்பார். ரீஸை இழுத்துவர எந்தத் தேவையும் இல்லை. பீத்தோவனின் மாணவரான ரீஸின் துண்டை, அதே பீத்தோவனின் இன்னொரு மாணவரான செர்னி பையனுக்குக் கொடுத்திருப்பதில் வியப்பில்லை. சுருதி மாற்றச் சொன்னதும் பொருந்துகிறது. காது கேட்காதவர் அதை எப்படிச் சரிபார்ப்பார் என்று கேட்கலாம். விரல் எந்தக் கட்டையில் விழுகிறது என்பதைப் பார்த்தே சொல்லிவிடலாம், பீத்தோவனுக்கு அதற்குக் காது வேண்டியதில்லை. காது போன ஒரு மேதை பியானோ மாணவனைச் சோதிக்க இதைவிடப் பொருத்தமான தேர்வு இருக்க முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. 1873-ல் மேடை முத்தப் படம் வந்தாயிற்று, விழா நடந்தாயிற்று. ஊர் முழுவதும் மேடையை நம்பத் தொடங்கிய பிறகு, இரண்டே ஆண்டில் லிஸ்ட் தன் வாயால் சொன்னதாக நமக்குக் கிடைப்பது வீட்டுக் கதை. கூட்டமில்லை, கைத்தட்டலில்லை. பெருமைக்காகச் சொல்கிறவர் ஏற்கெனவே கட்டிவைத்த பெரிய மேடையிலிருந்து இறங்கிச் சிறிய அறைக்குப் போவாரா? செர்னிக்குப் பீத்தோவன் வீட்டு வாசல் திறந்திருந்தது என்பதும், 13-ஆம் தேதிக் கச்சேரிக்கு நேரில் அழைத்த அந்த நோட்டுக் குறிப்பும் இதோடு சேர்கின்றன. ஷிண்ட்லர் குறிப்பில் வரும் ‘கனிவற்ற வரவேற்பு’ மட்டும் உறுத்துகிறது. முத்தம் கொடுத்த வரவேற்பைக் கனிவற்றது என்று யார் சொல்வார்கள்? அது உண்மைக் குறிப்பு என்றே வைத்துக்கொண்டாலும், முதலில் முகம் சுளித்துப் பிறகு இளகியவர் என்று லிஸ்டின் கதையே சொல்கிறது. அந்தச் சுளிப்பை மட்டும் கண்டவர் ஷிண்ட்லர் என்று கொள்ள இடமிருக்கிறது.

ஆக என் தீர்ப்பு இவ்வளவுதான்: மேடை முத்தம் நடக்கவில்லை, சந்திப்பு நடந்திருக்க வாய்ப்பு அதிகம், வீட்டு முத்தத்துக்கு லிஸ்டின் வாய்ச்சொல்லைத் தவிர வேறு சாட்சி இல்லை, ஆனால் அந்த வாய்ச்சொல்லைத் தள்ள வலுவான காரணமும் இல்லை.

* * *

இந்தச் சர்ச்சையின் இரைச்சலில், இருவரும் ஒரே திட்டத்தில் அச்சாகிச் சேர்ந்த இடத்தை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். வியன்னாப் பதிப்பாளர் டயபெல்லி தான் எழுதிய ஒரு வால்ட்ஸ் மெட்டை ஊரிலுள்ள இசையமைப்பாளர்களுக்கெல்லாம் அனுப்பி, ஆளுக்கொரு மாறுபாடு கேட்டார். பீத்தோவன் ஒன்றுக்குப் பதிலாக முப்பத்து மூன்று எழுதினார். அது 1823-ல் தனியாக வெளிவந்து, பின்னர் முதல் பாகமாயிற்று. மற்ற ஐம்பது பேரின் மாறுபாடுகள் இரண்டாம் பாகம். அதில் இருபத்து நான்காவதாக, சி மைனரில், வேகமாக ஓடும் ஒரு சிறு துண்டு. மேலே பெயர்: ஃபிரான்ஸ் லிஸ்ட், பதினோரு வயதுச் சிறுவன், ஹங்கேரியில் பிறந்தவன். அச்சில் வந்த லிஸ்டின் முதல் படைப்பு அது. யாருடைய நினைவையும் நம்ப வேண்டாத, தாளில் நிற்கும் சான்று. ஆனாலும் அதைப் படமாக வரைய யாருக்கும் தோன்றவில்லை. முத்தத்துக்கு இருக்கும் கவர்ச்சி ஒரு பக்க மாறுபாட்டுக்கு எங்கிருந்து வரும்!

பிற்கால லிஸ்டின் வாழ்க்கை அந்த முத்தத்துக்குக் கடன் தீர்ப்பது போலவே நடந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பான் நகரில் பீத்தோவனுக்குச் சிலை வைக்கப் பணம் சேராமல் குழு தவித்தபோது, 1839-ல் குறையை நானே ஈடுகட்டுகிறேன் என்று முன்வந்தவர் அவர். ஒன்பது சிம்பொனிகளையும் பியானோவுக்கு மாற்றி எழுதினார். பீத்தோவன் வாசித்த பிராட்வுட் பியானோவைத் தன் உடைமையாக வைத்திருந்தார். இவ்வளவும் செய்தவர், மேடைக் கதையைத் திருத்த ஒரு வரி எழுதவில்லை. ராமானிடமே ஒருமுறை, விவரங்களில் ரொம்பச் சிக்கிக்கொள்ளாதீர்கள், என் வரலாறு பின்பற்றி எழுதுவதைவிடப் புனைந்து எழுத வேண்டியது என்கிற பொருளில் எழுதியிருக்கிறார். வரலாற்றாசிரியருக்கு இதைவிட ஆபத்தான அனுமதிச் சீட்டு வேறில்லை. ராமான் அதை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்.

ஆனால் ராமான் 1880-க்காரர். கல்லச்சுப் படம் 1873-ஐச் சேர்ந்தது. 1823-ன் பத்திரிகையும் அப்பாவின் அறிவிப்பும் பேசாத ஒன்று, இடைப்பட்ட ஐம்பது ஆண்டில் எங்கோ பேசத் தொடங்கியிருக்கிறது. 1835 ஜூனில் பாரிஸின் ‘கஸெட் மியூஸிக்கால்’ இதழில் ஜோசப் தோர்த்தீக் என்ற விமர்சகர் லிஸ்டைப் பற்றி ஒரு விரிவான வாழ்க்கைச் சித்திரம் எழுதினார். லிஸ்டுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. பீத்தோவன் மறைந்து எட்டு ஆண்டு, ஆடம் லிஸ்டும் அதே 1827-ல் போய்விட்டார். செர்னியோ தொலைவில், வியன்னாவில். அந்த நண்பகலில் பியானோ முன் உட்கார்ந்திருந்தவர்களில் பாரிஸில் பேசக்கூடியவர் ஒரே ஒருவர்தான். அப்படியென்றால் பீத்தோவனை ரெதூட்டன் மண்டபத்துக்குள் முதலில் அழைத்து வந்தவர் யார்: தகவல் கேட்டு எழுதிய விமர்சகரா, அருகில் உட்கார்ந்து சொன்ன இளைஞரா?

(தொடரும்)